வெஸ்டர்ன் க்ளோசெட் ஆடுகிறதா, அடியில் கசிகிறதா? தரை இணைப்பை வீட்டிலேயே சரிசெய்யும் வழி

க்ளோசெட் அடியில் ஈரம் தெரிந்தால் நம் ஊரில் முதலில் கை போவது ஒயிட் சிமென்ட் பாக்கெட்டுக்குத்தான். குழைத்துச் சுற்றிலும் ஒரு பூச்சு பூசுவோம். மறுநாள் தரை காய்ந்திருக்கும். சரியாகிவிட்டது என்று விட்டுவிடுவோம். கசிவு நின்றிருக்காது, வெளியே வர இருந்த வழிதான் அடைபட்டிருக்கும். டைல்ஸுக்கு அடியில் இறங்கும் அந்தத் தண்ணீர், மாடி வீடாக இருந்தால் கீழே குடியிருப்பவர் வந்து கதவைத் தட்டும்போதுதான் நம் கவனத்துக்கு வரும்.

கசிவைத் தடுப்பது ஒயிட் சிமென்ட்டின் வேலை இல்லை. அது விளிம்பை மூடும் பூச்சு, அவ்வளவுதான். கசிவைத் தடுக்கும் இணைப்பு கோப்பைக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. கழிவு வாய் நேராகக் கீழே இறங்கித் தரைப் பைப்புக்குள் போகும் கோப்பை எஸ்-டிராப். பின்பக்கம் சுவருக்குள் போவது பி-டிராப். இங்கே பேசப்போவது எஸ்-டிராப்பைப் பற்றி. அதில் மூன்று விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும்: தரையில் இருக்கும் 110 மி.மீ. பிவிசி பைப்பின் வாய் (கடையில் நாலு இன்ச் என்றே கேட்பார்கள்), கோப்பைக்கும் அந்த வாய்க்கும் நடுவே இருக்கும் ரப்பர் கனெக்டர் அல்லது மெழுகு வளையம், கோப்பையை அசையாமல் தரையோடு பிடித்திருக்கும் ஸ்க்ரூ. பழைய வீடுகள் பலவற்றில் நடுவே கனெக்டரே இருக்காது. சிமென்ட்டைக் குழைத்து வைத்துக் கோப்பையை அதன்மேல் உட்கார வைத்திருப்பார்கள். சிமென்ட் வளையாது. கோப்பை நூலளவு ஆடினாலும் விரிசல் விட்டுவிடும்.

எது கெட்டிருக்கிறது என்பதைக் கோப்பையைக் கழற்றாமலே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

அடியில் ஈரம் இருக்கிறது

முதலில் சந்தேகப்பட வேண்டியது மேலே இருப்பவற்றை. ஹெல்த் ஃபாசெட் சொட்டினால் அந்தத் தண்ணீர் சுவரோடு வழிந்து கோப்பைக்குப் பின்னால்தான் வந்து தேங்கும். சுவரில் தண்ணீரை அடைக்கும் ஆங்கிள் வால்வு, அதிலிருந்து டேங்குக்குப் போகும் ஹோஸ், டேங்க்கும் கோப்பையும் தனித்தனியாக இருந்தால் நடுவில் உள்ள போல்ட், ரப்பர் வாஷர் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். காய்ந்த கையைவிட டிஷ்யூ பேப்பர் நல்லது. ஒவ்வொரு இணைப்பையும் ஒரு துண்டு பேப்பரால் ஒற்றி எடுத்தால் ஒரு சொட்டு இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். நம் பாத்ரூமில் குளிக்கிற தண்ணீரும் கோப்பையைச் சுற்றி ஓடுகிறது என்பதையும் மறக்கக் கூடாது. சோதனை செய்யும் நாளில் குளியலை முடித்து, தரையைத் துடைத்துக் காயவிட்ட பிறகு தொடங்குங்கள்.

மேலே எதுவும் சொட்டவில்லை என்றால் சொட்டு நீலத்தை எடுங்கள். துணிக்குப் போடுகிற அதே நீலம்தான். கோப்பையின் அடியைச் சுற்றிப் பழைய செய்தித்தாளை நெருக்கமாக விரித்துவிட்டு, டேங்கில் நீலத்தைத் தாராளமாக விட்டு, ஃப்ளஷ் செய்யாமல் அரை மணி நேரம் காத்திருங்கள். ஃப்ளஷ் செய்யும் முன்பே பேப்பரில் நீலம் வந்தால் டேங்கிலோ டேங்க் வாஷரிலோ கோளாறு. ஃப்ளஷ் செய்த பிறகு அடியிலிருந்து நீலம் கசிந்தால் தரை இணைப்பு போய்விட்டது, கோப்பையைத் தூக்கித்தான் ஆக வேண்டும். ஈரம் வருகிறது, ஆனால் நிறமே இல்லை என்றால் அது வெளித்தண்ணீர். கோப்பையைத் தொட வேண்டாம்.

கோப்பையின் உடம்பிலேயே மயிரிழை விரிசல் இருந்தாலும் நீலம் கசியும். ஸ்க்ரூ துளைகளைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள், அளவுக்கு மீறி முறுக்கிய கோப்பைகள் அங்கேதான் விரியும். விரிந்த பீங்கானை எம்-சீல் வைத்து ஒட்டிச் சில மாதம் ஓட்டலாம் என்று சொல்பவர்கள் உண்டு. ஆள் உட்கார்ந்து எழும் இடத்தில் அந்த யோசனையை நான் ஏற்க மாட்டேன். உட்கார்ந்திருக்கும்போது பீங்கான் உடைந்தால் காயம் ஆழமாக இருக்கும். கோப்பையை மாற்றுங்கள்.

கோப்பை ஆடுகிறது

இதைத் தள்ளிப்போடாதீர்கள். கசிவு, நாற்றம் இரண்டுக்குமே பல வீடுகளில் மூல காரணம் இந்த ஆட்டம்தான்.

கோப்பையின் இரு பக்கத்திலும் கைவைத்து லேசாகத் தள்ளிப் பாருங்கள். கோப்பையோடு ஸ்க்ரூவும் சேர்ந்து நகர்ந்தால் தரைத்துளை தளர்ந்துவிட்டது. ஸ்க்ரூ அப்படியே நிற்க, கோப்பை மட்டும் நகர்ந்தால் ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம், அல்லது தலைப்பகுதி துருப்பிடித்து அறுந்திருக்கலாம். ஸ்க்ரூ தலைமேல் உள்ள மூடியைக் கழற்றியதும் காவி நிறத்தில் பொடி கொட்டினால் பின்னதுதான். போர் தண்ணீர் உப்பாக உள்ள ஊர்களில் இரும்பு ஸ்க்ரூ வெகுகாலம் தாங்காது. மாற்றும்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவே வாங்குங்கள், விலை வித்தியாசம் பெரிதில்லை. பீங்கானுக்கும் ஸ்க்ரூ தலைக்கும் நடுவே நைலான் வாஷர் கட்டாயம் வேண்டும்.

ஸ்க்ரூவை எவ்வளவு திருகினாலும் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் தரைத்துளைக்குள் ஸ்க்ரூவைப் பிடித்திருக்கும் ரால் பிளக் தேய்ந்துவிட்டது. தீக்குச்சி, சைக்கிள் டியூப் துண்டு எல்லாம் திணித்து இறுக்குவார்கள். சில வாரம் நிற்கும். பழைய பிளக்கைக் குறடால் இழுத்து எறிந்துவிட்டு, ஒரு அளவு பெரிய பிட் போட்டுத் துளையைச் சீர்செய்து, அதற்கேற்ற பிளக் போடுவதுதான் முறை. டைல்ஸ் தாண்டும்வரை டிரில்லை ஹேமரில் வைக்காதீர்கள், டைல்ஸ் தெறித்துவிடும். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் போக வேண்டாம். கீழே நீர்க்காப்புப் பூச்சும் பைப்பும் இருக்கின்றன. பிட்டில் அந்த அளவுக்கு ஒரு டேப் ஒட்டிக்கொண்டால் தெரிந்துவிடும்.

ஸ்க்ரூ இறுக்கமாக இருந்தும் கோப்பை ஆடினால் தரைதான் மேடுபள்ளம். பிவிசி பைப் கழிவிலிருந்து மெல்லிய ஆப்புகளாக வெட்டி இடைவெளியில் செருகுங்கள். மக்காது, துருப்பிடிக்காது, மீதியைப் பிளேடால் வெட்டிவிடலாம். ஆட்டத்தை ஸ்க்ரூவை முறுக்கி நிறுத்தப் பார்த்தால் பீங்கான்தான் உடையும்.

ஆட்டம் நின்ற பிறகு நீலச் சோதனையை மறுபடியும் செய்யுங்கள். ஆடிய காலத்தில் அடியில் உள்ள இணைப்பு ஏற்கெனவே விட்டுப்போயிருக்கலாம்.

நாற்றம் வருகிறது, ஆனால் தண்ணீர் இல்லை

முதலில் நஹானி டிராப்பில் (பாத்ரூம் தரைத் தண்ணீர் வடியும் ஜாலிக்கு அடியில் இருப்பது) ஒரு கப்புத் தண்ணீர் ஊற்றுங்கள். பூட்டிக் கிடந்த பாத்ரூமில் அதில் நிற்கும் தண்ணீர் வற்றி, சாக்கடைக் காற்று நேராக மேலே வரும். கோப்பைக்குள்ளும் இதே கதைதான். வளைவில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் காற்றை அடைத்து வைக்கிறது. ஊருக்குப் போய்விட்டு வந்து நாற்றம் என்றால் பாதி நேரம் காரணம் இவ்வளவுதான்.

தண்ணீர் நிற்கிறது, நாற்றமும் போகவில்லை என்றால் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, பாத்ரூம் ஃபேனை நிறுத்திவிட்டு, கோப்பையின் அடியை ஒட்டி மெதுவாக நகர்த்திக்கொண்டே வாருங்கள். புகை ஓரிடத்தில் வெளியே தள்ளப்பட்டாலோ உள்ளே இழுபட்டாலோ அங்கே ஓட்டை இருக்கிறது. கோப்பை தரையில் இருக்கும்போது மட்டும்தான் இந்தச் சோதனை. பைப் திறந்திருக்கையில் பத்தி, பீடி, சிகரெட் எதுவும் கூடாது. செப்டிக் டேங்க் காற்றில் மீத்தேன் உண்டு, தீப்பற்றும்.

ஃப்ளஷ் செய்யும்போது குடகுடவென்று சத்தம் கேட்டு, அதற்குப் பிறகு நாற்றம் எழுந்தால் தரை இணைப்பைப் பழி சொல்லாதீர்கள். மொட்டை மாடி வரை போக வேண்டிய வென்ட் பைப் இல்லை, அல்லது அடைத்திருக்கிறது. காற்றுக்கு வழி இல்லாததால் கோப்பையில் நிற்கும் தண்ணீரைக் குழாய் உறிஞ்சிக்கொள்கிறது.

ஃப்ளஷ் செய்தால் தண்ணீர் ஏறி வருகிறது, கூடவே அடியிலும் கசிகிறது

அடைப்பு. கோப்பையைத் தூக்காதீர்கள். அடைபட்டு நிற்கும் தண்ணீர் அழுத்தம் தாங்காமல் பலவீனமான இடத்தில் வெளியே வருகிறது. அடைப்பை எடுத்த பிறகு கசிவு தொடர்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். நஹானி டிராப்பிலும் தண்ணீர் மேலே வந்தால் அடைப்பு கோப்பையில் இல்லை, வெளிச் சேம்பரிலோ செப்டிக் டேங்கிலோ இருக்கிறது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை டேங்கைக் காலி செய்யாத வீடுகளில் இது சகஜம். லாரியை அழையுங்கள். ஆளை உள்ளே இறக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். பாதுகாப்பு இல்லாமல் டேங்குக்குள் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்த நச்சுக்காற்றில் ஒருவர் மயங்கி விழ, காப்பாற்றப் போன அடுத்தவரும் போன செய்திகளை நாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

கோப்பையைத் தூக்குவது

சோதனை எல்லாம் தரை இணைப்பையே காட்டினால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். வீட்டில் இன்னொரு கழிப்பறை இல்லையென்றால் பக்கத்து வீட்டில் சொல்லி வைத்துவிடுங்கள், மறுநாள் வரை இதைப் பயன்படுத்த முடியாது.

ஆங்கிள் வால்வை மூடி, ஃப்ளஷ் செய்து, டேங்கில் மிச்சம் உள்ள தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். கோப்பையில் நிற்பதைக் கப்பால் இறைத்து, கடைசிச் சொட்டையும் பழைய துணியால் எடுத்துவிடுங்கள். சாய்க்கும்போது காலில் கொட்டப்போவது அதுதான். முந்தைய நாள் ஆசிட்டோ பிளீச்சிங் பவுடரோ ஊற்றியிருந்தால் நன்றாகத் தண்ணீர் விட்டு அலசியிருக்க வேண்டும். இரண்டும் ஒன்றோடு ஒன்று கலந்தால் குளோரின் வாயு வரும். ஆசிட்டைப் பற்றி இன்னொன்று: கோப்பையின் அடி ஓரத்தில் கறை போக ஆசிட் ஊற்றித் தேய்க்கும் வீடுகளில் சிமென்ட் பூச்சு சீக்கிரமே அரித்துப்போகும். ஆசிட் பீங்கானை ஒன்றும் செய்யாது, சிமென்ட்டைத் தின்றுவிடும்.

ஹோஸைக் கழற்றி, ஸ்க்ரூக்களை எடுத்து, சுற்றியுள்ள ஒயிட் சிமென்ட்டை மெல்லிய உளியாலோ ஆக்சா பிளேடாலோ அறுத்துவிடுங்கள். அவசரப்பட்டுச் சுத்தியலால் தட்ட வேண்டாம். சுற்றிலும் அறுபட்ட பிறகு கோப்பையை இப்படியும் அப்படியும் மெல்ல அசைத்தால் ஒரு கட்டத்தில் பிடி விட்டுப்போவது கையில் தெரியும். தூக்க இரண்டு பேர் வேண்டும். டேங்கும் கோப்பையும் ஒட்டிய ஒன்-பீஸ் ரகம் தனி ஆள் தூக்கும் கனம் இல்லை. மடித்த சாக்கின்மேல் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். தூக்கிய உடனே பைப் வாயில் பழந்துணியைப் பந்தாகச் சுருட்டி அடைத்து, அதன் முனை வெளியே தொங்கும்படி விடுங்கள். நாற்றமும் வராது, கையில் இருக்கும் ஸ்க்ரூவும் உள்ளே விழாது.

இனி குனிந்து பார்க்க வேண்டியதுதான். பைப் வாயைச் சுற்றிக் கறுப்பு வளையம் ஒன்று இருக்கும். கழிவுநீர் கசிந்த தடம் அது. நொறுங்கிய சிமென்ட்டும், சில வீடுகளில் பிளம்பர் இடைவெளியை அடைக்கத் திணித்த சாக்குத் துணியும் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் பட்டியால் சுரண்டி எடுத்துத் துடைத்தபின், கையுறை போட்ட விரலைப் பைப்பின் உதட்டில் வைத்து ஒரு சுற்று ஓட்டுங்கள். பிறை வடிவில் ஒரு துண்டு பெயர்ந்திருந்தால் விரல் அங்கே இறங்கும். கீழ்நோக்கி ஓடும் கீறல் இருந்தால் நகத்தில் மாட்டும். அடுத்து பைப்பைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். இந்த இரண்டும்தான் அடுத்த வேலையை முடிவு செய்கின்றன.

பைப் நன்றாக இருக்கிறது, நடுவில் இருந்ததுதான் போயிற்று

எளிதான நிலை இது. கோப்பையைப் படுக்க வைத்தபடியே, அதன் அடித்தளத்தின் குறுக்கே நேரான ஒரு கட்டையைப் பிடித்து, கட்டையிலிருந்து கழிவு வாயின் விளிம்பு எவ்வளவு உள்ளடங்கி இருக்கிறது என்று டேப்பால் அளந்துகொள்ளுங்கள். தரையில் பைப் வாய் டைல்ஸ் மட்டத்திலிருந்து எவ்வளவு மேலே அல்லது கீழே இருக்கிறது என்பதையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு அளவையும் சேர்த்துப் பார்த்தால் நடுவில் உள்ள இடைவெளி கிடைத்துவிடும். இந்தக் கணக்கோடு கடைக்குப் போய் எஸ்-டிராப்புக்கான பேன் கனெக்டர் கேளுங்கள், முதலில் சொன்ன ரப்பர் கனெக்டருக்குக் கடையில் அதுதான் பெயர். அளவு இல்லாமல் போனால் கையில் கிடைப்பதைத் தருவார்கள், அது உயரமாக இருந்தால் கோப்பை தரையில் உட்காராது.

கழிவு வாயின் நடுவும் பைப்பின் நடுவும் நேராக வரவில்லை என்றால் ஆஃப்செட் கனெக்டர் வேண்டும். இரண்டு சென்டிமீட்டர் தள்ளியிருந்தாலும் நேர் கனெக்டரை வளைத்து மாட்டக் கூடாது, ஒரு பக்கம் எப்போதும் திறந்தே இருக்கும். மெழுகு வளையமும் நன்றாகவே அடைக்கும். ஆனால் ஒரு முறை அமுங்கினால் அமுங்கியதுதான். கோப்பையைத் தவறான இடத்தில் இறக்கி மறுபடி தூக்கினால் வளையத்தைத் தூக்கி எறிய வேண்டும். முதல் முறை செய்பவர்களுக்கு ரப்பர்தான் என் சிபாரிசு.

உதடு உடைந்திருக்கிறது

உடைவு மேல் ஓரத்தில் மட்டும் இருந்து, ஒரு அங்குலத்துக்குக் கீழே பைப்பின் உள்சுவர் வழுவழுப்பாக முழுசாக இருந்தால் தரையை உடைக்க வேண்டியதில்லை. பேன் கனெக்டரின் கீழ்முனையில் உள்ள ரப்பர் இதழ்கள் பைப்பின் உள்சுவரில்தான் பிடிக்கின்றன, உதட்டில் இல்லை. இதழ்கள் நல்ல பகுதி வரை இறங்குமா என்று அளந்து பார்த்துவிட்டு, உடைந்த ஓரத்தைச் சமமாக அறுத்து, எமெரி பேப்பரால் தேய்த்து, கனெக்டரைச் செருகினால் போதும்.

கீறல் அதைவிட ஆழமாக ஓடினாலும், பைப் வாய் டைல்ஸ் மட்டத்துக்கு வெகு கீழே இருந்தாலும் (பழைய டைல்ஸ்மேல் புது டைல்ஸ் ஒட்டிய வீடுகளில் இப்படித்தான் ஆகும்) பைப்பைச் சுற்றி இரண்டு அங்குல அகலத்துக்கு உடைத்து எடுக்க வேண்டும். நல்ல பகுதி வரும்வரை இறங்கி, பைப்பை நேராக அறுத்து, கப்ளரும் (இரண்டு பைப்பைச் சேர்க்கும் உறை) ஒரு துண்டுப் பைப்பும் ஒட்டி மேலே கொண்டுவாருங்கள். துண்டுப் பைப்பைக் கொஞ்சம் நீளமாகவே ஒட்டி, காய்ந்த பிறகு தேவையான மட்டத்துக்கு அறுப்பது சுலபம். கழிவுக்கும் மழைநீருக்கும் போடுகிற எஸ்.டபிள்யூ.ஆர். பைப்பில் ஏ, பி என்று இரண்டு ரகம் உண்டு. கழிவுக்குத் தடிமனான பி ரகம் வாங்குங்கள். பிவிசி ஒட்டும் சொல்யூஷன் தடவும் முன் இரண்டு பரப்பும் காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். ஈரத்தில் ஒட்டியது நிற்காது. இரண்டு பக்கமும் தடவி, செருகி, கால் சுற்றுத் திருப்பி, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். சில மணி நேரம் கழித்து ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றி, இணைப்பைச் சுற்றி டிஷ்யூவால் ஒற்றிப் பாருங்கள். அது காய்ந்தே வந்தால் மட்டும், வாட்டர்ப்ரூஃப் திரவம் கலந்த சிமென்ட் கலவையால் குழியை மூடுங்கள்.

பைப் ஆடுகிறது என்றால் அதோடு நிறுத்திவிடுங்கள். அடியில் பைப் திரும்பும் பெண்டு (வளைவுத் துண்டு) கழன்றிருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது. பாத்ரூம் தளத்தைத் தாழ்த்தி, செங்கல் ஜல்லி நிரப்பிய மாடி வீடுகளில் கசிந்த தண்ணீர் அந்த நிரப்பலில் ஊறி, வெகு நாள் கழித்து வேறு ஏதோ மூலையில் கீழ்வீட்டுக் கூரையில் தெரியும். அங்கே கொத்தனாரும் பிளம்பரும் சேர்ந்து தளத்தைத் திறந்தால்தான் வழி.

திரும்ப உட்கார வைப்பது

கனெக்டரை முதலில் கோப்பையின் கழிவு வாயில் முழுசாக ஏற்றிவிடுங்கள். ரப்பர் இதழ்களில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். எண்ணெயோ கிரீஸோ வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். பைப் வாயில் அடைத்த துணியை எடுத்தீர்களா என்று பார்த்துக்கொண்டு, இரண்டு பேரும் நேராகத் தூக்கி நேராக இறக்குங்கள். ஸ்க்ரூத் துளையில் ஒரு கம்பியை நிறுத்தி வைத்துக்கொண்டால் இடம் தப்பாது. உட்கார்ந்ததும் மேலே ரசமட்டம் வைத்து, தேவையான இடத்தில் ஆப்புச் செருகி, ஸ்க்ரூக்களை இடதும் வலதுமாக மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். வாஷர் கையால் சுற்ற முடியாமல் நின்ற பிறகு ஒரு கால் சுற்று போதும்.

சுற்றிலும் பூச ஒயிட் சிமென்ட்டைவிட பூஞ்சை பிடிக்காத சானிட்டரி சிலிக்கான் நல்லது, அடுத்த முறை கழற்றுவதும் எளிது. முன்பக்கமும் பக்கவாட்டும் பூசிவிட்டு, பின்னால் ஒரு அங்குலம் விட்டுவிடுங்கள். பிளம்பர்கள் பலர் இதற்குச் சம்மதிப்பதில்லை, அழகு போகும் என்பார்கள். யாரும் பார்க்காத அந்த ஒரு அங்குலம்தான் இணைப்பு மறுபடி விட்டுப்போனால் முதல் நாளே நமக்குக் காட்டும். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, பிறகு நீலச் சோதனையை இன்னொரு முறை செய்துவிட்டுப் பயன்படுத்தத் தொடங்கலாம்.

பி-டிராப் கோப்பை என்றால் பின்பக்க கனெக்டரைக் கண்ணாலேயே பார்க்கலாம். ரப்பர் வெடித்திருந்தால் கோப்பையின் ஸ்க்ரூவைக் கழற்றி முன்னே இழுத்து மாற்றிவிடலாம், மற்றபடி முறை ஒன்றுதான். தரையில் புதைத்த இந்தியன் க்ளோசெட் அடியில் கசிந்தால் இதில் எதுவும் உதவாது. பேனும் (பீங்கான் தொட்டி) அதன் டிராப்பும் (அடியில் உள்ள வளைவு) சேரும் இடம் சிமென்ட்டுக்குள் இருப்பதால் டைல்ஸை உடைக்காமல் அங்கே போக முடியாது. அப்படி உடைக்கிற நாளில் பேனை மட்டும் மாற்றாமல், டிராப்பையும் சேர்த்துப் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.